மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஏழாம் மாதத்திலிருந்து ஹேமாவதிக்கு ஷூ லேஸ் கட்டிவிடுவது புருஷன் பரணியின் வேலை. காலை ஏழே முக்காலுக்கு அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டுவாள். அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்பக்கம் இரும்பு வைத்த கறுப்பு ஷூவை மாட்டி, லேஸை ஓட்டை ஓட்டையாகத் தளர்த்தி முடிச்சுப் போடுவான். அவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், அந்தக் கை போட்ட முடிச்சு. சாயங்காலம் அவனே வந்து அவிழ்த்தால்தான் உண்டு.

"இன்னிக்கு மேல் ரெண்டு ஓட்டைய விட்டுட்டேன்," என்றான் பரணி. "அடுத்த வாரம் ஷூவைப் பொளந்துதான் காலை உள்ள வைக்கணும்."

"அடுத்த வாரம் ஷூவே வேணாம். வெள்ளிக்கிழமைதான் கடைசி."

"இதையேதான் போன மாசமும் சொன்ன."

"போன மாசம் சொன்னது போன மாச வெள்ளிக்கிழமை."

அவன் இன்னொரு காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. அது மெதுவாக மேலே வருவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாம்பரத்து டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, பிரஷரும் பார்த்துவிட்டு, உட்கார்ந்து செய்கிற வேலையென்றால் செய்யலாம் என்று சொல்லியிருந்தார். தலைவலி வந்தாலோ, முகம் வீங்கினாலோ, குழந்தை அசைவது குறைந்தாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். அசைவு குறையும் என்ற பயம் ஹேமாவதிக்கு இல்லை. உள்ளே இருந்தது ஓயாமல் உதைத்துக்கொண்டிருந்தது. இடது விலா எலும்புக்குக் கீழே ஒரு குதிகால் எப்போதும் தங்கியிருந்தது. இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிட்டால் நெஞ்சு எரிந்தது. ராத்திரி புரண்டு படுக்க வேண்டுமென்றால் எழுந்து உட்கார்ந்து, திரும்பி, மறுபடி படுக்க வேண்டியிருந்தது. முப்பத்தாறாவது வாரம்.

ஆனாலும் பெருங்களத்தூர் ரயில்வே கேட்டருகே எட்டு மணிக்கு வந்து நிற்கும் கம்பெனி வேனில் முதல் ஆளாக ஏறுகிறவள் அவள்தான். முடிச்சூர் தாண்டி வெளிவட்டச் சாலையில் ஏறும்வரை வேகத்தடைகளுக்குக் குறைவில்லை. டிரைவர் லோகநாதன் ஒவ்வொன்றுக்கும் முன்னால் "மேடு வருதும்மா" என்று குரல் கொடுப்பார். அவள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பைத் தூக்கிக்கொள்வாள். வேனில் இருக்கிற மற்ற பதினொரு பேரும் பழக்கதோஷத்தில் தாங்களும் தூக்கிக்கொள்வார்கள்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஏழு மெஷின் ஓடுகிற சின்ன கம்பெனி அது. உருளைக் கம்பியைக் கடைந்து வண்டிகளுக்கு வேண்டிய பின்கள் செய்கிறார்கள். கடைந்து வருவதை அளந்து பார்த்து, சரியானதற்கு முத்திரை குத்துவது ஹேமாவதியின் வேலை. ஆறு வருஷமாக அவள் முத்திரை மூன்றாம் நம்பர். அது குத்தாமல் ஒரு பெட்டியும் கேட்டைத் தாண்டாது. இப்போது புனேயிலிருந்து ஒரு பெரிய கம்பெனி டிராக்டர் பிரேக்குக்கு வேண்டிய பின்னைக் கேட்டிருந்தது. மாதிரி அனுப்பி, அதில் குறை சொல்லி, மறுபடி அனுப்பி, எட்டு மாதம் ஓடியிருந்தது. அந்த எட்டு மாதமும் ஹேமாவதியின் வயிற்றுக் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. வியாழக்கிழமை அவர்கள் ஆள் நேரில் வந்து கம்பெனியைப் பார்க்கப்போகிறார். சரி என்று சொல்லிவிட்டால் முதல் லாட் சரக்கு தொடங்கிவிடும். அதன் முதல் பெட்டியில் தன் மூன்றாம் நம்பரைக் குத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என்று அவள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை வீட்டில் எல்லோருக்கும் பலமுறை விளக்கியிருக்கிறாள். விடுப்பு மொத்தம் இருபத்தாறு வாரம். முன்னால் ஒரு வாரம் எடுத்தால் பின்னால் ஒரு வாரம் குறையும். குழந்தை வெளியே வந்தபிறகு அதன் பக்கத்தில் இருக்க வேண்டிய வாரத்தை, இப்போதே கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துத் தீர்ப்பானேன்? விடுப்பு விண்ணப்பத்தை ஏழாம் மாதமே வாங்கிப் பெயர், முகவரி எல்லாம் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தாள். 'விடுப்பு தொடங்கும் நாள்' என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு முதலாளி ஜீவானந்தம் அளவு அறைக்குள் வந்தார். ஒரு காலத்தில் அவரே லேத் ஓட்டியவர். சட்டைப்பையில் இன்றைக்கும் பேனாவோடு ஒரு சின்ன ஸ்கேல் இருக்கும். வந்தவர் ஓரிடத்தில் நிற்கவுமில்லை, உட்காரவுமில்லை.

"ஹேமா, புனேக்காரர் இன்னிக்கு வரல. செவ்வாக்கிழமைதான் வராராம்."

"செவ்வாக்கிழமையா சார்?"

"நீ வெள்ளிக்கிழமையோட நின்னுக்கோம்மா. நிஷா இருக்காங்க இல்ல, பாத்துக்குவாங்க."

எதிர் மேஜையில் நிஷா பின்களை அளந்துகொண்டிருந்தாள். வேறு கம்பெனியில் ஏழு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவள், இரண்டு பிள்ளைகளின் அம்மா, ஹேமாவதிக்கு ஐந்து வயது மூத்தவள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. அளக்கிற டயலில் முள் அசைந்துகொண்டிருக்கும்போது யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லமாட்டாள். வந்த புதிதில், 'திமிர் பிடித்தவள்' என்று ஹேமாவதி பரணியிடம் சொல்லியிருக்கிறாள். இப்போதும் தன் பெயர் அடிபட்டும் நிஷா நிமிரவில்லை. முள் நின்று, அளவைத் தாளில் எழுதி, பின்னைத் தட்டில் வைத்த பிறகுதான் தலையைத் தூக்கினாள்.

"என்ன சார் சொன்னீங்க?"

ஹேமாவதிக்குச் செவ்வாய்க்கிழமை பெரிய விஷயமாகப் படவில்லை. நாலு நாள்தானே, வந்துவிட்டால் போயிற்று. கழிப்பறைக்குப் போகும் வழியில்தான் சட்டென்று உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. இரண்டு கையும் நிறையக் கண்ணாடி வளையல் ஏறிவிடும். ஏறியதைப் பிரசவ வலி வரும்வரை கழற்றக் கூடாது. மெஷின்கள் ஓடுகிற இடத்தின் ஓரத்தில் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. அதற்கு மேலே சுவரில் ஒரு போர்டு. 'கோட்டைத் தாண்டி வளையல், மோதிரம், வாட்ச், கயிறு அனுமதி இல்லை.' மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருவன் கைக்காப்பு லேத்தில் மாட்டித் தோல் உரிந்தபோது வைத்த போர்டு. எழுதியது ஹேமாவதி. சட்டகம் போட்டதும் அவள்தான். திருப்பதி கயிறோடு வந்த முதலாளியையே கோட்டில் நிறுத்தித் திருப்பி அனுப்பியவள்.

அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா கன்னியம்மாவுக்கு ஊர் கோவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மீனவர் குப்பம். முப்பது வருஷமாகத் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். பின்னால் மார்க்கெட் இரைச்சல் கேட்டது.

"இன்னா மே, வலி கிலி வந்துடுச்சா?"

"இல்லம்மா. வளைகாப்ப ஒரு வாரம் தள்ளி வச்சிக்கலாமா?"

"இன்னாது?"

"ஒரே ஒரு வாரம்."

"ஏழாம் மாசம் போடலாம்னேன், வேலை கீதுன்ன. ஒம்போதாம் மாசத்துக்குத் தள்ளின. இப்ப அதுவும் முடியப்போவுது. புள்ள பொறந்து அது கையால உனக்கு வளையல் போடட்டும்னு பாக்கறியா? நாப்பது பேருக்குச் சொல்லிக்கீறேன். பந்தல்காரன் வந்து மொட்டமாடிய அளந்துகினு போயிட்டான்."

"வளையலோட மெஷின் பக்கம் போவ முடியாதும்மா. போர்டு இருக்கு."

"எவன் வச்ச போர்டு? கூட்டிகினு வா அவன."

ஹேமாவதி குரலை இறக்கினாள். "நான்தான் வச்சேன்."

அந்தப் பக்கம் கன்னியம்மா சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, இரண்டு பேருமாகச் சிரித்தார்கள். நடுவில் யாரோ சங்கரா மீன் கேட்க, அதற்கும் சிரித்துக்கொண்டே விலை சொன்னாள் கன்னியம்மா. போன் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஹேமாவதி தானும் சிரித்துவிட்டு வைத்தாள். வயிறு குலுங்கியதில் மறுபடியும் கழிப்பறைக்குப் போகவேண்டி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூர் மொட்டைமாடியில் நாற்பது பேருக்குச் சொன்ன இடத்தில் அறுபது பேர் வந்தார்கள். குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள், ஐந்து வகைச் சாதம், பதினோரு தட்டு வரிசை. வெயிலில் பந்தல் துணி கொதித்தது. முதலில் வேப்பிலைக் காப்பு. பிறகு ஒவ்வொருத்தியாக வந்து சந்தனம் தடவி, வளையலை வழுக்கிவிட்டார்கள். வீங்கிய கைக்கு அம்மா வாங்கி வந்த அளவு பிடிக்கவில்லை. பரணி கீழே இறங்கி ஸ்கூட்டரில் ஓடி ஒரு அளவு பெரிதாக வாங்கி வந்தான்.

நிஷாவும் பிள்ளைகளோடு வந்திருந்தாள். தன் முறை வந்ததும் ஹேமாவதியின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "அளவுல ஓகே. பாஸ் பண்ணிடலாம்," என்று வளையலை ஏற்றினாள். வலது கையில் இருபத்தொன்று, இடது கையில் இருபத்திரண்டு. எல்லாம் ஏறியதும் யாரோ கைகளை ஆட்டச் சொன்னார்கள். ஹேமாவதி ஆட்டினாள். அந்தச் சத்தத்துக்கு உள்ளே இருந்தது திரும்பிப் படுத்தது. பட்டுப்புடவைக்கு வெளியிலேயே வயிறு ஒரு பக்கம் எழுந்து இறங்கியதைக் கிட்ட இருந்த பெண்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். குலவைச் சத்தம் கீழ்த்தளம்வரை போயிற்று. ஹேமாவதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இவ்வளவு நாள் லீவுக் கணக்காகவும் வாரக் கணக்காகவும் இருந்தது, இதோ, ஆளாக, கிட்டத்தில் வந்துவிட்டது.

ஆறு மணிக்குக் குப்பத்து வேன் கிளம்பத் தயாராயிற்று. வழக்கப்படி பெண்ணையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கன்னியம்மா பையைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டாள்.

"செவ்வாக்கிழம சாயந்திரம் வரேம்மா," என்றாள் ஹேமாவதி.

கன்னியம்மா மகளைப் பார்த்தாள், மருமகனைப் பார்த்தாள். பரணி செருப்பு வைக்கிற அலமாரியை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தான்.

"கூட்டிகினு போவ வந்தவ வெறுங்கையோட போவக் கூடாது," என்றாள் கன்னியம்மா. வேன்காரனுக்குக் கையைக் காட்டி அனுப்பிவிட்டு, உள்ளே வந்து பாயை விரித்தாள். "நானும் இங்கியே கீறேன். போ. உன் போர்டு உன்னை உள்ள விடுதானு பாக்கறேன்."

திங்கட்கிழமை லீவு போட்டிருந்த மகளுக்குக் கன்னியம்மா நாள் முழுக்கக் கால் பிடித்துவிட்டாள். நடுவில் பேச்சுவாக்கில் சொன்னாள்:

"உன்ன வயித்துல வச்சிகினு மார்க்கெட்டுல குந்திகினு இருந்தேன். வலி எடுத்துச்சு. அரைக் கூடை மீன் மிச்சம். பக்கத்துல அங்காளம்மா, 'குடுத்துட்டுப் போடி, வித்துத் தரேன்'னா. நான் குடுக்கல. ஒரு வலிக்கும் இன்னொரு வலிக்கும் நடுவுல வித்தேன். அதுல ஒருத்தி பேரம் பேசறா. சும்மா எடுத்துகினு போம்மான்னு குடுத்துட்டேன்."

"அங்காளம்மா ஏமாத்திடுவாங்கன்னா?"

"சே, அவ தங்கமானவ. என் எடத்துல இன்னொருத்தி குந்தறது எனக்குப் புடிக்கல, அவ்ளோதான்."

செவ்வாய்க்கிழமை பரணி லேஸ் கட்டினான். வளையல்களுக்கு மேல், ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் வெயிலுக்குப் போடுகிற நீளத் துணி உறையை மாட்டிவிட்டான். வேனில் லோகநாதன் ஒவ்வொரு மேட்டுக்கும் குரல் கொடுத்தார். ஹேமாவதி கம்பியைப் பிடிக்கும்போதெல்லாம் உறைக்குள் வளையல்கள் முனகின.

அளவு அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று ஆபீஸ் பக்கம், இன்னொன்று மெஷின் பக்கம். மெஷின் பக்கக் கதவைத் திறந்தால் முதல் அடியிலேயே மஞ்சள் கோடு. ஹேமாவதி ஆபீஸ் வழியாக வந்து தன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வயிறு மேஜையை இடித்ததால் ஒரு பக்கமாகத் திரும்பித்தான் உட்கார முடிந்தது.

புனேக்காரர் பதினோரு மணிக்கு வந்தார். மெலிந்த மனிதர், இந்தியும் ஆங்கிலமும் கலந்து மெதுவாகப் பேசினார். மாதிரிப் பின்களின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, மூன்றாம் நம்பர் முத்திரை யாருடையது என்று கேட்டார். ஹேமாவதி கையைத் தூக்கினாள். உறை கீழே சரிந்தது. வளையல்கள் கலகலத்தன. அவர் அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே தெரிந்த போர்டைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார்.

"இந்த விதி எல்லோருக்கும் உண்டா?"

"கோட்டைத் தாண்டினா எல்லாருக்கும் உண்டு சார்," என்றாள் ஹேமாவதி. "அதனால நான் தாண்டறது இல்ல."

அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று தெரியவில்லை. தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். ஜீவானந்தம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு புனேக்காரர் தன் பையிலிருந்து பத்துப் பின்களை எடுத்தார். இதில் எது சரி, எது தப்பு என்று ஓடுகிற மெஷின் பக்கத்திலேயே வைத்து அளந்து காட்ட வேண்டும்.

ஹேமாவதி எழுந்தாள். எழுந்தவுடன் தன் கைகளைப் பார்த்தாள். நாற்பத்து மூன்று வளையல். நிஷா ஏற்கெனவே டயலைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. நிஷா ஒவ்வொரு பின்னாகத் துடைத்து வைத்தாள், முள்ளைப் பார்த்தாள், எழுதினாள். ஐந்தாவது பின்னின்போது ஜீவானந்தம் குனிந்து ஏதோ கேட்டார். அவள் திரும்பவில்லை. மறுபடி கேட்டார். அவள் தலையைக்கூட ஆட்டவில்லை. புனேக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹேமாவதி வயிறு கண்ணாடியில் இடிக்க நின்றாள். ஏழாவது பின்னை நிஷா இரண்டு முறை அளந்தாள். திருப்பி வைத்து மூன்றாவது முறையும் அளந்தாள். கடைசியில் ஏழாவதையும் ஒன்பதாவதையும் தனியாக எடுத்து வைத்தாள். புனேக்காரர் தன் தாளைப் பார்த்து, ஒரு முறை தலையை அசைத்தார்.

மதியம் இரண்டு மணிக்கு, அறிக்கை மெயிலில் வரும், லாட்டை ஆரம்பித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் விமான நிலையத்துக்குக் கிளம்பினார். ஜீவானந்தம் வாசலில் நின்று கார் திரும்பும்வரை கையைக் கூப்பிக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே ஓடி வந்து, ஏழு மெஷின்காரர்களுக்கும் வேன் டிரைவருக்கும் அவரே லட்டு கொடுத்தார். ஹேமாவதிக்கு இரண்டு.

மூன்று மணிக்கு முதல் தட்டு வந்தது. எண்ணெய் வாசனையோடு, சூடு ஆறாத முப்பது பின்கள். நிஷா தட்டை ஹேமாவதியின் பக்கம் தள்ளினாள்.

"உன் லாட். நீயே தொடங்கு."

ஹேமாவதி உறையை முழங்கைக்கு மேல் ஏற்றினாள். முதல் பின்னைத் துடைத்து டயலுக்குக் கீழே வைத்தாள். முள் நகர்ந்து நிற்கப் போனது. அந்த நேரம் பார்த்து விலாவுக்குக் கீழே ஓர் உதை. கை தூக்கிப் போட்டது, வளையல்கள் குதித்தன, முள் அளவை எல்லாம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. அவள் மறுபடி வைத்தாள். மறுபடி உதை. முள் மறுபடி ஓடியது.

"ரிஜெக்ட் பண்ணிட்டான் பாரு," என்றாள் நிஷா.

"பண்ணிட்டான் இல்ல, பண்ணிட்டா."

"யாரா இருந்தாலும் உன் முத்திரைக்கு மேல அதிகாரி."

ஹேமாவதி சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மூன்றாவது முறை வைத்துப் பார்க்கவில்லை. மெல்ல எழுந்து, தன் ஸ்டூலை நிஷா பக்கம் நகர்த்தினாள். மூன்றாம் நம்பர் முத்திரையைத் துணியில் துடைத்து டிராயரில் போட்டுப் பூட்டினாள். கைப்பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து, காலியாக இருந்த இடத்தில் நாளைத் தேதியை எழுதினாள். எழுதி முடித்ததும் சட்டென்று பசித்தது. இரண்டாவது லட்டையும் நின்றபடியே தின்றாள். அம்மா இந்நேரம் பையை மறுபடி வாசலில் வைத்திருப்பாள். ஆறு மணிக்குப் பரணி வருவான், ஷூ முடிச்சை அவிழ்ப்பான், ராத்திரிச் சாப்பாடு குப்பத்தில். அலைச் சத்தம் கேட்டால் உள்ளே இருப்பது என்ன செய்யுமோ என்று நினைத்தபோது அவளுக்கு இப்போதே கிளம்ப வேண்டும் போலிருந்தது.

நிஷா இரண்டாவது பின்னை வைத்திருந்தாள். அவள் முத்திரை ஐந்தாம் நம்பர், மைப்பெட்டிக்குப் பக்கத்தில் மூடி திறந்து இருந்தது.

"நிஷாக்கா," என்றாள் ஹேமாவதி. "நான் கெளம்பட்டா?"

முள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. நிஷா அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஹேமாவதி வளையல்கள் குலுங்காமல் இரண்டு கைகளையும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஆபீஸ் பக்கக் கதவை முதுகால் தள்ளித் திறந்து வெளியே போனாள்.